மலையிலிருந்து கொலனோஸ்கோப்பிக்குப் போகும் முதியவர்களுக்கு எந்தப் பேதி மருந்து?

கொலனோஸ்கோப்பி என்றதும் பெருங்குடலுக்குள் கமெராக் குழாய் விட்டுப் பார்ப்பதை நினைத்துத்தான் வயதானவர்கள் பயப்படுகிறார்கள். அப்பாவுக்கும் அத்தைக்கும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். குழாய் விடும் நேரத்தில் தூக்கத்துக்கு ஊசி போடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. உடலை வாட்டுவது அதற்கு முந்தைய இரவும் அன்றைய விடியற்காலையும். குடலைக் கழுவக் கொடுக்கும் மருந்து எழுபது வயதைக் கடந்தவரின் உடலில் என்ன செய்யும் என்று தெரியாமல் அந்த இரவுக்குள் போகக் கூடாது.

மருந்துக்கடையில் கேட்டால் எல்லாம் ஒன்றுதான், இது சுவையாக இருக்கும், அது நிறையக் குடிக்க வேண்டும் என்பார்கள். ஒன்றல்ல. இளைஞர் ஒருவர் எதைக் குடித்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். சிறுநீரகம் தளர்ந்த, பிரஷர் மாத்திரை விழுங்கும், தாகம் எடுத்தாலும் தெரியாத முதியவருக்கு எந்த மருந்து என்பதுதான் முதல் கேள்வி. அதைக் குடித்துவிட்டு எந்த வழியாக, எத்தனை மணிக்குப் பயணம் செய்யப் போகிறார் என்பது இரண்டாவது கேள்வி. மலையில் இருப்பவர்களுக்கு இரண்டாவதும் முதலாவதற்குக் குறைந்ததில்லை.

அப்பா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாதங்கள் போயும் ஏறவில்லை. மலத்தில் இரத்தம் கலந்திருக்கிறது என்று தெரிந்ததும் கண்டியில் ஒரு வைத்தியசாலையில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அவருக்கு முதலில் கிடைத்தது சோடியம் பிக்கோசல்பேட்டும் மக்னீசியமும் சேர்ந்த தூள், இரண்டு பக்கெட்.

இந்தத் தூளை அரைக் கிளாசுக்குச் சற்று அதிகமான தண்ணீரில், அதாவது 150 மில்லிலீட்டரில் கரைக்க வேண்டும். கரைக்கும்போது கோப்பை கையில் சுடுகிறது. உள்ளே இருக்கும் மக்னீசியம் ஒக்சைட்டும் சிற்றிக் அமிலமும் சேர்வதால் வரும் சூடு அது. பயப்பட ஒன்றுமில்லை, ஆறவிட்டுக் குடித்தால் போதும். அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அளவு சிறிது, சுவையும் மோசமில்லை. அதனால்தான் பலரும் இதையே விரும்புகிறார்கள்.

ஆனால் வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். பெருங்குடலில் உள்ள பக்டீரியாக்கள் பிக்கோசல்பேட்டை மாற்றிக் குடலை முடுக்கிவிடுகின்றன. மக்னீசியம் உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. போகும் நீரோடு உப்பும் போகிறது. போனதை ஈடுசெய்ய நிறையக் குடிக்க வேண்டும். வைத்தியசாலையில் தந்த தாளில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும், "தண்ணீர் நிறையக் குடிக்கவும்" என்று இருந்தது. அப்பா அதன்படியே வெறும் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தார். அவர் தினமும் விழுங்கும் பிரஷர் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைட் ஒன்று. சிறுநீரோடு சோடியத்தையும் வெளியேற்றும் மாத்திரை அது. குடல் வழியாகவும் உப்பு போய், சிறுநீரிலும் போய், மிச்சமிருந்ததை வெறும் தண்ணீர் நீர்க்கச் செய்துவிட்டது.

விடியற்காலையில் தலை வலிக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண்டிக்குப் போகாமல் அருகிலிருந்த வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். இரத்தத்தில் சோடியம் 121. குறைந்தது 135 இருக்க வேண்டும். நல்ல வேளையாக, உப்பு மெல்ல மெல்ல ஏற ஏறத் தெளிவும் வந்தது. வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று டொக்டர் சொன்னார், அதனால் வார்டில் தங்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டு அந்தத் தூளையே ஒதுக்கிவிட வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருக்கிற, தயசைட் வகை மாத்திரை எடுக்காத பலருக்கு அது சரியாக வேலை செய்கிறது. ஆனால் சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவருக்கு மக்னீசியம் உடலில் தேங்கும், கொடுக்கவே கூடாது. வயதானவருக்குக் கொடுப்பதானால் முன்கூட்டியே இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) சோடியமும் பொட்டாசியமும் பார்த்திருக்க வேண்டும். குடிக்கும் நீரில் ஒரு பங்காவது உப்பும் சீனியும் உள்ளதாக இருக்க வேண்டும்: ஜீவனி, வடிகட்டிய சூப், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். சோடா குடிக்க விரும்பினால் நிறமில்லாதது. சிவப்பும் ஊதாவும் கூடாது. உள்ளே பார்க்கும்போது இரத்தம் போலத் தெரியும்.

இரண்டாவது முறை வேறு டொக்டர் பார்த்தார். கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். "இவருக்கு பொலிஎதிலீன் கிளைக்கோல்தான்" என்றார். நான்கு பக்கெட், நான்கு லீட்டர் தண்ணீர். கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கியது.

இந்த மருந்தின் மூலக்கூறு பெரியது. குடல் அதை உறிஞ்சுவதில்லை. அதோடு சேர்த்திருக்கும் உப்புகளின் அளவு உடலின் நீரோடு ஒத்துப் போகும்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே உடலிலிருந்து நீரை அதிகம் இழுப்பதுமில்லை, உடலுக்குள் அதிகம் விடுவதுமில்லை. குடித்தது அப்படியே குடலைக் கழுவிக்கொண்டு போகிறது. இதயம் தளர்ந்தவர், சிறுநீரகம் குறைந்தவர், ஈரல் நோயாளி ஆகியோருக்கு டொக்டர்கள் முதலில் இதையே நினைப்பது அதனால்தான். முழுக்க ஆபத்தில்லாதது என்று சொல்லவில்லை. இதய நோய் கடுமையாக இருந்தால் வார்டில் தங்கவைத்துக் குடிக்கக் கொடுப்பதே நல்லது. ஆனால் முதியவருக்கு எது என்று என்னைக் கேட்டால், குடிக்கக் கஷ்டமான இதைத்தான் சொல்வேன். கஷ்டத்தைக் குறைக்க வழிகள் உண்டு. சோடியம் இறங்கினால் வீட்டில் செய்யக்கூடியது எதுவுமில்லை.

இரண்டு லீட்டரில் முடிகிற ஒரு வகையும் இருக்கிறது. அதில் வைட்டமின் சி சேர்த்திருக்கிறார்கள். விலை கூட. அதோடு இன்னும் ஒரு லீட்டர் அளவு வேறு நீராகாரம் குடித்தே ஆக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் முதியவர் வறண்டு போவார். ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் குறைபாடு, இருப்பவருக்கு அது ஆகாது.

எங்கள் உறவுக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். வெளிநாட்டில் தன் நண்பருக்குச் சின்னப் போத்தல் ஒன்று கொடுத்தார்களாம், இரண்டு தரம் சிறிதளவு குடித்தால் போதுமாம், தேடிப் பார்க்கலாமே என்றார். அது சோடியம் பொஸ்பேட். டொக்டரிடம் பெயரைச் சொன்னதுமே தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்தப் பொஸ்பேட் சிறுநீரகக் குழாய்களில் படிந்து நிரந்தரமாகவே சேதம் செய்யக்கூடியது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதுபற்றிக் கடும் எச்சரிக்கை விடுத்தது. 55 வயதைக் கடந்தவர்கள், உடலில் நீர் வறண்டவர்கள், சிறுநீரக நோயாளிகள், லொசார்டன், எனலப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையோ நீர் போகும் மாத்திரையோ வலி மாத்திரையோ எடுப்பவர்கள் என்று ஆபத்துள்ளவர்களின் பட்டியல் அதில் இருந்தது. நம் கிளினிக் வரிசையில் நிற்கும் முதியவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பார்கள்? 2019இல் ஐரோப்பிய எண்டொஸ்கோப்பி சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும் இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. சின்னப் போத்தல் என்பதற்காக யாரும் இதைத் தேடிப் போக வேண்டாம்.

அத்தைக்கோ விளக்கெண்ணெய் மேல்தான் நம்பிக்கை. தோட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பேதிக்குக் குடித்துப் பழகிய தலைமுறை அது. வயிறு போனால் போதாது, பெருங்குடலின் சுவர் கழுவினது போலத் தெரிய வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க நேரம் எடுத்தது. மலச்சிக்கலுக்கு வீட்டில் வைத்திருக்கும் லக்டுலோஸ் பாணியும் இதற்குப் பதிலாகாது. அதைக் குடல் பக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது எரியக்கூடிய வாயு உண்டாகிறது. குடல் சுவரில் முளைக்கும் சதைக்கட்டியான பொலிப் ஒன்றை மின்சாரத்தால் சுட்டு எடுக்கும்போது அந்த வாயு இருப்பது ஆபத்து. மனிற்றோல் என்ற இன்னொரு பேதி மருந்தை இந்த வேலைக்குத் தவிர்ப்பதற்கும் அதுவே காரணம். நாட்பட்ட மலச்சிக்கல் உள்ளவருக்கு முந்தைய நாட்களில் பிசக்கொடில் மாத்திரை சேர்த்துக் கொடுப்பதுண்டு. அதையும் டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது, குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து அழற்சி வரலாம்.

இனிப் பயணம். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

எந்த மருந்தானாலும் பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனை நாள் காலையிலும் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும். நான் மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டியின்படி, இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு முந்தைய ஐந்து மணித்தியாலத்துக்குள் தொடங்கி, இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் முடிக்க வேண்டும். முழுவதையும் முதல் நாளே குடித்துவிட்டால் சிறுகுடலிலிருந்து இறங்கும் கசடு இரவு முழுவதும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்துவிடுகிறது. தட்டையான பொலிப்புகள் ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். பரிசோதனை காலை எட்டு மணிக்கு. மருந்தை மூன்று மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முடிக்க வேண்டும். தலவாக்கலையிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று கண்டிக்கு பஸ்ஸில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். வளைவுகளில் வயிறு வேறு குமட்டும். முதியவர் இரண்டு லீட்டர் பேதி மருந்தைக் குடித்துவிட்டு அந்த பஸ்ஸில் உட்கார முடியுமா? முடியாது. அதனால் மலையிலிருந்து போகிறவர்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள்: இரண்டாம் பாதியைக் குடிக்காமலே போகிறார்கள், அல்லது நள்ளிரவிலேயே அவசரமாகக் குடித்து முடிக்கிறார்கள். இரண்டிலும் "குடல் சுத்தமில்லை, இன்னொரு நாள் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுவது முதியவர்தான். மறுபடியும் பட்டினி, மறுபடியும் பேதி, மறுபடியும் ஆட்டோக் கூலி. நாட்சம்பளக்காரர் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் கூட வர வேண்டும்.

ஆகவே நாள் குறிக்கும்போதே வாய் திறந்து சொல்ல வேண்டும். "டொக்டர், நாங்கள் தலவாக்கலையிலிருந்து வருகிறோம். வீட்டுக்கு வெளியே மலசலகூடம். எங்களுக்குப் பிந்திய நேரம் தாருங்கள், அல்லது முதல் நாளே வார்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்." இதைக் கேட்பதற்கு நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். சிறுநீரகம், இதயம் பற்றி டொக்டரே கேட்பார். வழி எவ்வளவு தூரம், இரவில் எத்தனை படி இறங்க வேண்டும் என்பதை நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். நான் சொன்னேன், அப்பாவுக்கு முற்பகல் பதினொன்றரை கிடைத்தது.

முதல் நாள் மத்தியானமே அப்பாவை அழைத்துக்கொண்டு பேராதனையில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டோம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் இரண்டு லீட்டர். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் மீதி. வைத்தியசாலை பக்கத்தில் என்பதால் அவசரமில்லை. பக்கத்தில் சொந்தம் இல்லாதவர்கள், வாடகை அறை எடுக்கும் செலவை வீண்செலவென்று நினைக்க வேண்டாம். திரும்பவும் ஒரு முறை வருவதைவிட அது மலிவு.

குடிக்கும் விதத்திலும் சில விஷயங்கள் இருக்கின்றன. தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்தால் திரளாது, பிறகு ஆறவிடலாம். குளிரவைத்தால் உப்புச் சுவை குறையும் என்பது உண்மை. ஆனால் நுவரெலியாக் குளிரில் ஐஸ் போட்ட மருந்தை லீட்டர் கணக்கில் குடித்தால் முதியவரின் உடல் வெடவெடத்துவிடும். சாதாரணத் தண்ணீரின் குளிர்ச்சியே போதும், மேலே ஸ்வெட்டரும் போர்வையும் இருக்கட்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் என்ற கணக்கு. குமட்டினால் அரை மணித்தியாலம் நிறுத்தி, கொஞ்சம் நடந்துவிட்டுத் தொடரலாம். அப்பா ஸ்ட்ரோவை நாக்கின் பின்பக்கம் வைத்து உறிஞ்சினார். இடையிடையே தேசிக்காய்த் துண்டை மோந்துகொண்டார். சீனியோ ஜூஸோ மருந்துக்குள் கலக்கக் கூடாது, உப்புகளின் அளவு குலைந்துவிடும்.

அத்தைக்கு இலேசான பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போது சில வேளை புரையேறும். அவருக்குச் சிறுநீரகமும் குறைவு என்பதால் பொலிஎதிலீன் கிளைக்கோலையே கொடுத்தார்கள், ஆனால் வார்டில் வைத்து. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு இது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. நேராக உட்காரவைத்து, சிறு சிறு மடக்காக, ஒருவர் பக்கத்திலேயே இருந்து கொடுக்க வேண்டும். படுத்த நிலையில் ஒரு வாய்கூடக் கூடாது. அங்கிருந்த தாதி அத்தையின் முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொல்லி வெற்றிலைப் பையை வாங்கி என்னிடம் கொடுத்தார். பாக்கு நாரும் சிவப்புச் சாறும் உள்ளே போய்க் கண்ணை ஏமாற்றும் என்றார். அத்தை அன்றிரவு மருந்தைவிட வெற்றிலை இல்லாததற்கே அதிகம் வருந்தினார்.

சாப்பாட்டைப் பற்றி நீண்ட பட்டினி தேவையில்லை. முதல் நாள் நார்ச்சத்துக் குறைந்த உணவு: பாண், வெள்ளை அரிசிச் சோறு, முட்டை, மீன், தோல் நீக்கி அவித்த உருளைக்கிழங்கு. தேங்காய்ப்பூ ரொட்டி, சம்பல், கீரை, பருப்பு, குரக்கன், கொய்யா, தக்காளி வேண்டாம். பிறகு தெளிந்த நீராகாரம் மட்டும். சாயத் தண்ணீர், அதாவது பால் இல்லாத தேநீர், தாராளமாகக் குடிக்கலாம். நம் பெரியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிக்குக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மாத்திரைகளை யாரும் தாமாக நிறுத்தவும் வேண்டாம், தாமாகத் தொடரவும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். சாப்பாடில்லாத நாளில் சீனி வருத்தத்துக்கான மாத்திரையை வழக்கம்போல விழுங்கினால் சீனி இறங்கி மயங்கி விழலாம். நீர் போகும் மாத்திரை, இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின், குளோபிடோகிரெல் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுதி வாங்குங்கள். அன்று எடுத்தே ஆக வேண்டிய மாத்திரையை, மருந்து குடிக்கத் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உடலில் சேராமல் அடித்துக்கொண்டு போய்விடும்.

வீட்டிலேயே குடிப்பதானால் லயத்து வாசலிலிருந்து மலசலகூடம் வரை டோர்ச் வெளிச்சத்தில் ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். ஈரப் படி, பாசி, நாய், எல்லாவற்றையும் முதியவர் இரவில் அவசரத்தோடு கடக்கப் போகிறார். இடுப்பு எலும்பு முறிந்தால் குடல் பரிசோதனை மறந்தே போகும். நடுவில் துளையிட்ட நாற்காலியும் வாளியும் அறைக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. வெந்நீர், மென்மையான துணி, பூச வாஸ்லின் ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும். வெட்கப்பட்டு மருந்தைக் குறைத்துக் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகனைவிட மகளோ மருமகளோ, அவருக்கு யார் பக்கத்தில் இருந்தால் கூச்சமில்லையோ அவர் இருக்கட்டும்.

கடைசியாக வெளியேறுவது கண்ணாடி போலத் தெளிந்து, இளமஞ்சளாக இருக்க வேண்டும். சாயத் தண்ணீர் நிறத்தில் போனால் இன்னும் சுத்தமாகவில்லை. அதை மறைக்காமல் வைத்தியசாலைக்குப் போனதும் சொல்லிவிடுங்கள், சில நேரம் அங்கேயே இன்னும் கொஞ்சம் குடிக்கக் கொடுப்பார்கள்.

அப்பாவுக்கு இரண்டு பொலிப் எடுத்தார்கள். அத்தைக்கு ஒன்றுமில்லை. பொலிப் எடுத்த பிறகு சில நாட்களுக்குப் பிறகுகூட இரத்தம் போகலாம். அதிக இரத்தப் போக்கு, கடும் வயிற்று வலி, காய்ச்சல், அல்லது பேதி மருந்து குடித்த இரவிலோ மறுநாளோ தலைவலியோடு பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, எழுந்து நிற்க முடியாத தலைச்சுற்று என்று எது வந்தாலும் கண்டிக்கே போக வேண்டும் என்று காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். குடித்த மருந்தின் வெற்றுப் பக்கெட்டையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.